சரிவில் ஒரு நகரம்: கண்டியின் கடைசி மன்னனும் அவன் விட்டுச்சென்ற வாவியும்

எங்கள் வீடு கண்டி நகரத்துக்கு மேலே ஒரு சரிவில் இருக்கிறது. பஸ் போகும் வீதியிலிருந்து வீட்டுக்கு வர 112 படிகள் ஏற வேண்டும். கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் தோளில்தான் வரும். யாருக்காவது வருத்தம் என்றால் கதிரையில் இருத்தி, நான்கு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கொட்டிய இரவு, வீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்தது. அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த இருட்டிலேயே இறங்கினோம். கீழே நகரத்தில் ஒரு உறவினர் வீட்டில் ஒன்பது நாட்கள் தங்கினோம். அந்த மழையில் மலையகம் முழுவதும் மண்சரிவுகளில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். எங்களுக்குச் சுவர் மட்டும்தான் போனது.

அந்த ஒன்பது நாட்களும் காலையில் கண்டி வாவியைச் சுற்றி நடந்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் கிடந்தது. மேலேயுள்ள மலைகளின் மண் அது. எங்கள் வீட்டு மண்ணும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும். நகரத்தின் மிகத் தாழ்வான, மிகச் சமமான இடத்தில் மனிதர்கள் இல்லை, தண்ணீர் இருக்கிறது. மனிதர்கள் மலையில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். இது எப்படி நேர்ந்தது என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன்.

இந்த வாவியைக் கட்டியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1832 ஜனவரி 30 அன்று வேலூரில் கைதியாக இறந்தான். ஒவ்வொரு ஜனவரியிலும் நம்மவர்கள் அவனை நினைவுகூர்வார்கள். இலங்கையின் கடைசி மன்னன் தமிழ் பேசியவன் என்று ஒரு சாரார் எழுதுவார்கள். ஈவிரக்கமற்ற கொடுங்கோலன் என்று இன்னொரு சாரார் எழுதுவார்கள். இரண்டு பேச்சுகளுக்கும் நடுவில், சரிவு நிலத்தில் ஒரு நகரத்துக்கு வடிவம் கொடுத்தவன் என்ற கதை மறைந்துபோய்விட்டது. அந்த வடிவத்துக்குள்தான் நாங்கள் இன்றும் வாழ்கிறோம்.

மலையே மதில்

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு இடையே அகப்பட்ட ஒரு சிறிய பள்ளத்தாக்கு. தெற்கே ஹந்தானை மலைத்தொடர். வடக்கே உடவத்தகெலே காட்டு மேடு. மேற்கே பஹிரவகந்த. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. 1592 இல் முதலாம் விமலதர்மசூரியன் இதைத் தலைநகராக்கியபோது பார்த்தது அழகை அல்ல, பாதுகாப்பை. கரையோரத்தைப் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் பிடித்துக்கொண்ட காலத்தில், மலையே மதிலாகவும் ஆறே அகழியாகவும் நின்றன. மன்னர்கள் நல்ல வீதிகளை வேண்டுமென்றே அமைக்கவில்லை. ஒற்றையடிப் பாதைகள், அவற்றை மறிக்கும் முள் கடவைகள், சுற்றிலும் காடு. எதிரிக்கு ஏறுவது கடினமாக இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய நகரத் திட்டம்.

1739 இல் இந்தச் சிம்மாசனம் மதுரை நாயக்கர் வழியினருக்குப் போனது. அந்த வழியில் நான்காவதாகவும் கடைசியாகவும் வந்தவன் கண்ணுசாமி. 1780 இல் பிறந்தவன். மன்னன் ராஜாதி ராஜசிங்கன் வாரிசில்லாமல் இறந்தபோது, மகா அதிகாரம் பதவியிலிருந்த பிலிமத்தலாவ அவனை 1798 இல் சிம்மாசனத்தில் ஏற்றினார். வயது 18. பையனை அரியணையில் இருத்தி அதிகாரத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்பது பிலிமத்தலாவவின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பியது.

1803 பெப்ரவரியில் பிரித்தானியப் படை ஜெனரல் மக்டோவல் தலைமையில் கண்டிக்குள் நுழைந்தது. நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. மன்னன் ஹங்குரன்கெத்த பக்கம் பின்வாங்கியிருந்தான். இறந்த மன்னனின் மைத்துனன் முத்துசாமியை பிரித்தானியர் அரசனாக அமர்த்தினார்கள். சில மாதங்களில் காய்ச்சலும் பசியும் அந்தப் படையைத் தின்றன. ஜூன் 24 ஆம் திகதி கண்டியர் நகரத்தை மீட்டார்கள். தப்பி வந்த படையினர் வட்டாபுளுவயில் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க முடியாமல் அகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். முத்துசாமியும் கொல்லப்பட்டான். மலையும் மழையும் ஆறும் சேர்ந்து 23 வயது மன்னனுக்கு வென்று கொடுத்த போர் அது.

அதன் பிறகு அவனுக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கிடைத்தன. அந்தப் பத்து ஆண்டுகளில்தான் அவன் கட்டினான்.

சமநிலம் யாருக்கு

சரிவு நிலத்தில் நகரம் கட்டும்போது முதல் கேள்வி, கையளவு சமநிலம் யாருக்கு என்பதுதான். சமவெளியில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக வருவதில்லை. அங்கே இடம் போதாவிட்டால் நகரம் நாலா பக்கமும் பரவும். மலையில் பரவ முடியாது. சமநிலம் முடிந்த இடத்தில் ஏற வேண்டும், அல்லது பள்ளத்தாக்கு போன போக்கிலேயே நீள வேண்டும்.

கண்டியில் அந்தக் கேள்விக்கு அரசர்களே விடை சொன்னார்கள். உடவத்தகெலே மேட்டின் அடியில் அரண்மனையும் தலதா மாளிகையும். அவற்றின் முன்னால் நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள். மேற்கே நேர்க்கோட்டு வீதிகளால் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட நகரம். அரண்மனைக்குப் பின்னால் மேலே ஏறிய காடு அரச குடும்பத்துக்கு உரியது. குடிமக்கள் அதற்குள் போகக் கூடாது. மன்னனின் நாயக்க உறவினர்கள் குடியிருந்த வீதி இன்றும் மலபார் வீதி என்ற பெயரில் இருக்கிறது.

சாதாரண மக்களின் வீடுகள் கழியும் மண்ணும் வைக்கோலுமாக இருந்தன. ஓடு வேயவும் சுண்ணாம்பு பூசவும் எல்லோருக்கும் உரிமை இருக்கவில்லை. அது அநியாயமான சட்டம்தான். ஆனால் அதனால் சரிவில் பெரிய பாரம் ஏறவில்லை, மலையை வெட்டவும் தேவைப்படவில்லை. வயல்கள் மலையின் வளைவை ஒட்டிப் படிப்படியாக அமைந்து, மழைநீரின் வேகத்தைத் தணித்து இறக்கிவிட்டன.

இந்த அமைப்பின் நடுவில்தான் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கை வைத்தான். தலைமைச் சிற்பி தேவேந்திர மூலாச்சாரி. எண்கோண வடிவிலான பத்திரிப்பு மண்டபம் அவருடைய வேலை. தலதா மாளிகையின் முன்னால் ஓடும் அலை அலையான மதிலும் இந்தக் காலத்தது. மேகத்தைப் போல் செய்ததால் அதற்கு வலாகுளு பம்ம என்று பெயர். மேகத்துக்கு மேலே தேவலோகம் போல அரண்மனை தெரிய வேண்டும் என்பது எண்ணம். மேகத்துக்குக் கீழே ஒரு கடல் வேண்டுமல்லவா? அரண்மனைக்கு முன்னால் பள்ளத்தில் வயல்கள் இருந்தன. 1807 இல் தொடங்கி 1812 வரையான ஆண்டுகளில் அந்த வயல்கள் வாவியாயின. பாற்கடல் என்று பொருள்படும் கிரி முஹுத என்பது அதன் இன்னொரு பெயர்.

பொறியியலாகப் பார்த்தால் கெட்டித்தனமான வேலை. ஹந்தானைப் பக்கத்து ஓடைகள் ஏற்கெனவே அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்தன. பள்ளத்தாக்கின் ஒடுங்கிய வாயில் ஒரு மண் அணை போட்டால் போதும், மற்ற மூன்று பக்கமும் மலையே கரையாகிவிடும். தலதா மாளிகைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் மல்வத்தை விகாரைக்குப் போகும் வழியாகவும் அணை பயன்பட்டது. நடுவில் ஒரு சிறு தீவை விட்டு அதில் மண்டபம் எழுப்பினான். அனுராதபுரத்துக் குளங்களைப் போல இந்த வாவி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கட்டப்பட்டதல்ல. இருந்த வயலை மூடிக் கட்டப்பட்டது. உணவு விளைந்த சமநிலம் காட்சிக்கான நிலமானது.

மண் சுமந்தவர்கள்

மண்ணைச் சுமந்தவர்கள் கிராமத்து மக்கள். நிலம் வைத்திருப்பவன் அரசனுக்கு உழைப்புத் தர வேண்டும் என்ற இராஜகாரிய முறை பழமையானது. ஆனால் அதற்கு வழக்கத்தால் வந்த எல்லைகள் இருந்தன. இந்த மன்னன் அந்த எல்லைகளைத் தாண்டினான். தங்கள் வயலை விட்டுவிட்டு, கூலியில்லாமல், ஊருக்குப் பயன்படாத ஒரு குளத்துக்காக மண் சுமக்க வேண்டும். பிரதானிகளும் முணுமுணுத்தார்கள். வேலைக்கு ஆள் அனுப்ப மறுத்தவர்கள் வாவிப் படுகையிலேயே கழுவேற்றப்பட்டார்கள் என்று கதைகள் உண்டு. அவற்றைப் பரப்பியவர்களில் பலர் அவனுடைய எதிரிகள் என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வாவி வேலை மக்களை அவனிடமிருந்து பிரித்தது என்பதில் ஐயமில்லை.

இதே காலத்தில் அரண்மனைக்குள் சூழ்ச்சி முற்றியது. தன்னை அரியணையில் ஏற்றிய பிலிமத்தலாவவை மன்னன் கொன்றான். அவருக்குப் பின் மகா அதிகாரமான எஹெலபொல 1814 இல் பிரித்தானியர் பக்கம் போனார். மன்னன் எஹெலபொலவின் சிறு பிள்ளைகளின் தலையைக் கொய்வித்தான். தாயைப் போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்தான். எத்தனை அரசியல் காரணம் சொன்னாலும் இந்தக் கொலைகளுக்கு நியாயம் இல்லை. கடைசித் தமிழ் மன்னன் என்று பெருமை பேசுகிற நாம் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம். கடக்கக் கூடாது.

1815 பெப்ரவரியில் பிரித்தானியப் படை மறுபடி வந்தது. 1803 இல் அவனைக் காப்பாற்றிய மலை அங்கேயேதான் இருந்தது. காடும் இருந்தது. மலைப்பாதைகளில் நின்று எதிர்க்கத்தான் ஆட்கள் இல்லை. வழி காட்டப் பிரதானிகள் இருந்தார்கள். பெப்ரவரி 18 ஆம் திகதி மெதமஹநுவர பக்கத்தில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் திகதி, அவனுடைய அரசவை மண்டபத்திலேயே கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. மன்னனின் ஆண் உறவினர்கள் கண்டிப் பிரதேசங்களுக்குள் நுழையக் கூடாது என்றும் அந்த ஒப்பந்தம் சொன்னது. மலபார் வீதியில் பெயர் மட்டும் மிஞ்சியது.

அவனைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். 1816 ஜனவரியில் குடும்பத்தோடு கப்பலேற்றி மதராஸுக்கும் அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கும் அனுப்பினார்கள். சமநிலத்தில் அகழி சூழ்ந்த கோட்டை அது. அங்கே 16 ஆண்டுகள் இருந்து, 52 ஆவது வயதில் இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுடைய நினைவிடம் முத்து மண்டபம் என்ற பெயரில் இருக்கிறது.

மலைக்கு வந்தவர்கள்

மன்னர்கள் தவிர்த்த வீதியை பிரித்தானியர் முதல் வேலையாகப் போட்டார்கள். 1820களில் கப்டன் டோசனின் மேற்பார்வையில் கொழும்பு–கண்டி வீதி கடுகண்ணாவை மலையைக் குடைந்து ஏறியது. 1867 இல் ரயில் வந்தது. மலை மதிலாக இருந்த காலம் முடிந்து, மலை விற்பனைக்கான நிலமாக மாறியது. காட்டை வெட்டிக் கோப்பியும், கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலையும் நட்டார்கள். எஹெலபொலவின் மனைவி இறந்த போகம்பரைக் குளத்தை நிரப்பி நிலமாக்கினார்கள். மன்னன் சமநிலத்தைத் தண்ணீராக்கினான். வெள்ளைக்காரன் தண்ணீரைச் சமநிலமாக்கினான். கண்டியில் தட்டையான நிலம் அவ்வளவு அரிது.

1815 இல் மன்னனின் தமிழ் உறவினர்களைக் கீழேயுள்ள வீதியிலிருந்து வெளியேற்றிய அதே ஆட்சி, சில பத்தாண்டுகளுக்குள் அதே தமிழ்நாட்டிலிருந்து கூலிகளைக் கூட்டிவந்து மேலேயுள்ள சரிவுகளில் குடியேற்றியது. பயிருக்கு ஏற்ற நிலம் பயிருக்கு; மிஞ்சிய இடத்தில் லயன். நகரத்தைத் துப்புரவு செய்ய வந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் மஹியாவை மேட்டில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியபோது அதை இயற்கை அனர்த்தம் என்றார்கள். மழை இயற்கை. லயன் அந்தச் சரிவில் இருந்தது இயற்கை அல்ல.

கண்டியின் இன்றைய வடிவத்தைப் பாருங்கள். நடுவில் வாவியும் புனித பூமியும் பழைய கட்ட வீதிகளும். அங்கிருந்து பேராதனைப் பக்கமும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் லேவெல்ல, அம்பிட்டியப் பக்கமும் விரல்களைப் போல நகரம் நீள்கிறது. ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்குப் பறவை இரண்டு நிமிடத்தில் போகும். நாங்கள் நகரத்துக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். எல்லா வாகனமும் நடுவுக்கு வந்துதான் திரும்ப வேண்டும். 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் நடந்த குண்டுத்தாக்குதலுக்குப் பிறகு மாளிகை முன் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதால், வாவியைச் சுற்றித்தான் போக வேண்டும். காலையில் பாடசாலை நேரத்தில் அங்கே பஸ்ஸில் அகப்பட்டவர்களுக்குத் தெரியும், 1807 இல் கட்டத் தொடங்கிய ஓர் அணை இன்றும் எங்கள் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

விரல்களுக்கு இடையே மிச்சமிருப்பது சரிவு. வசதியுள்ளவர்கள் வாவி தெரியும் மேட்டில் தூண் நாட்டி ஹோட்டல் கட்டுகிறார்கள். வசதியில்லாதவர்கள் இரண்டு, மூன்று பேர்ச் வாங்கி மலையை வெட்டுகிறார்கள். இரு தரப்பும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். மலையின் அடியை வெட்டித் தட்டையாக்குகிறோம். வெட்டிய மண்ணை முன்னால் கொட்டிப் பரப்புகிறோம். அடி வெட்டுப்பட்டதும் மேலேயுள்ள மண்ணுக்கு ஊன்ற இடமில்லை. கொட்டிய மண் இறுகவில்லை. கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் அதற்குள்ளேயே இறங்குகின்றன. பெருமழையில் மண் நனைந்து கனத்து, பிடிப்பை இழக்கிறது. என் வீடு கீழ் வீட்டுக்காரனின் தலைமேல் நிற்கிறது. மேல் வீட்டுக்காரன் என் தலைமேல் நிற்கிறான். சமவெளியில் அயலவன் தவறு செய்தால் வேலிச் சண்டை வரும். இங்கே உயிர் போகும்.

மன்னனின் நகரத்தில் ஒரு விடயம் மட்டும் இன்றும் எங்களைக் காப்பாற்றுகிறது. அரண்மனைக்கு மேலிருந்த தடைசெய்யப்பட்ட காடு, உடவத்தகெலே. இன்று அது சரணாலயம். நகரத்தின் தலைக்கு நேர் மேலே நின்றும், மரங்களின் வேர் பிடித்திருப்பதால் அந்தச் சரிவு நிற்கிறது. அரசன் அதைத் தன் சொந்த இன்பத்துக்காக வைத்திருந்தான். நோக்கம் எதுவானாலும் பலன் எல்லோருக்கும் கிடைக்கிறது. வாவியும் அப்படித்தான். மழைநீரை வாங்கிக் கொஞ்சம் தாமதித்து, மெத எல வழியாக மகாவலிக்கு அனுப்புகிறது. கொடுங்கோலன் என்று துரத்தப்பட்டவனின் வாவி இல்லாத கண்டியை இன்று யாராலும் நினைத்துப்பார்க்க முடியாது.

அதற்காக அவனை மன்னித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சரிவில் சமநிலம் என்பது யாரோ ஒருவரின் உழைப்பாலும் இழப்பாலும் உண்டாவது என்பதே அவன் வாழ்க்கை சொல்லும் பாடம். அவன் காலத்தில் அந்த விலையை மண் சுமந்த கிராமத்தவர்கள் கொடுத்தார்கள். இறுதியில் சிம்மாசனத்தால் அவனும் கொடுத்தான். இன்று மேட்டில் இருப்பவர்கள் கொடுக்கிறோம். மண்சரிவு அபாய வரைபடங்கள் இருக்கின்றன, விதிகள் இருக்கின்றன. ஆனால் அபாய வலயத்திலிருந்து எழும்பச் சொல்லும்போது, எங்கே போவது என்ற கேள்விக்குச் சமநிலம் வேண்டும். அந்த நிலத்தை யாருக்கு ஒதுக்குவது என்பது பொறியியலாளர் முடிவு செய்யும் விடயம் அல்ல. மன்னன் காலத்தைப் போலவே இன்றும் அது அரசியல் முடிவுதான்.

பத்தாவது நாள் நாங்கள் 112 படிகளும் ஏறி வீட்டுக்குத் திரும்பினோம். போக வேறு இடமில்லை. வந்து பார்த்த பொறியியலாளர் பழைய சுவரில் தண்ணீர் வடிய ஒரு துளைகூட இல்லை என்று காட்டினார். புதிய சுவரில் குழாய்கள் வைத்திருக்கிறோம். கூரைத் தண்ணீரைக் கானில் விட்டிருக்கிறோம். பின்பக்கம் மலையை இன்னும் ஆறு அடி வெட்டி மகனுக்கு ஓர் அறை எடுக்கலாம் என்று இரண்டு வருடமாகக் காசு சேர்த்து வைத்திருந்தோம். அந்தக் காசு சுவருக்குப் போய்விட்டது. அறை எடுக்கும் பேச்சை அம்மாதான் முதலில் நிறுத்தினார். மகன் இப்போது முன்னறையில் படுக்கிறான்.